ஊசி போடாத டொக்டரைத் திட்டுவதற்கு முன்



மூன்று நாட்களாக நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பதிவுதான் சுற்றுகிறது. இறப்பர் தோட்டத்தில் நானா ஒருவருக்குப் பாம்பு கடித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். விஷ ஊசி அலுமாரியில் இருந்தும் டொக்டர் போடவில்லையாம். "நம்மட ஆள் என்பதால்தான்" என்று கடைசி வரி. கீழே இருநூறு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள்.

நமக்கு அநியாயம் நடந்த இடங்கள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது அதுவல்ல.

பதிவில் "பாம்பு" என்ற சொல் ஏழு தடவை வருகிறது. என்ன பாம்பு என்று ஒரு தடவைகூட இல்லை. அடித்துப் போட்ட பாம்பின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு நுனி, ஒரு முழம் நீளம்கூட இல்லாத உடம்பு. இது பொலன் தெலிஸ்ஸா. சிங்களத்தில் சொல்வதைத்தான் நாமும் சொல்லிப் பழகியிருக்கிறோம். விஞ்ஞானப் பெயர் ஹிப்னேல். நாட்டில் ஆகக் கூடுதலாக மனிதரைக் கடிப்பது இதுதான். காலடி கேட்டால் சாரைப்பாம்பு ஓடிவிடும், இது ஓடாது. சருகுக்குள் சருகு போலவே சுருண்டு கிடந்து இரைக்குக் காத்திருக்கும் இனம். அதனால்தான் மிதிபடுகிறது, கடிக்கிறது.

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரியைப் பிரித்தெடுக்கிறார்கள். எந்தப் பாம்பின் விஷத்தை ஏற்றினார்களோ அதற்குத்தான் அது வேலை செய்யும். ஏற்றியது நான்கு பாம்பின் விஷம்: நாகம், தெல் கரவலா என்கிற கட்டுவிரியன், தித் பொலங்கா என்கிற கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பொலன் தெலிஸ்ஸா அந்தப் பட்டியலில் இல்லை. ஊசியைப் போட்டிருந்தாலும் நானாவின் உடம்பிலிருந்த விஷத்தை அது முறித்திருக்காது.

"போட்டுப் பார்த்திருக்கலாமே, என்ன நட்டம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நட்டம் இருக்கிறது. இலங்கையில் இந்த மருந்து ஏற்றப்பட்ட 1007 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. அதில் 752 பேருக்கு மருந்தே ஒவ்வாமையைக் கொடுத்தது, பலருக்குக் கடுமையாக. பயன் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்தை ஏற்கலாம். பயனே இல்லாத இடத்தில் ஏற்றச் சொல்லி டொக்டரை மிரட்டுவதற்கு என்ன பெயர்?

அவர் சும்மா இருக்கவும் இல்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்த்திருக்கிறார். அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். சிறுநீரை அளந்திருக்கிறார். ஏனென்றால் இந்தக் கடியில் பெரும்பாலானோருக்கு வலியும் வீக்கமும்தான் என்றாலும், சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், மரணமும் நடந்திருக்கிறது. "இரத்தத்தை எடுத்து எடுத்து வேடிக்கை பார்த்தார்கள்" என்று பதிவில் எழுதியிருப்பது இதைத்தான்.

ஆசிரிய கலாசாலையில் விலங்குப் பாகுபாட்டை நாமும் புள்ளிக்காகத்தான் மனனமிட்டோம். வகுப்பிலும் அப்படியே ஒப்புவித்தோம். இது நமது குற்றம்தான். பாம்புக்குப் பெயர் வைப்பது வேலையில்லாதவன் வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2009இல் நமது நாட்டு ஆய்வாளர்கள் நூதனசாலைகளில் கிடந்த பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் செதில் செதிலாக ஒப்பிட்டு, ஹிப்னேல் ஒன்றல்ல, மூன்று இனம் என்று காட்டினார்கள். ஒன்று இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. மற்ற இரண்டும், மலைநாட்டு நேப்பாவும் ஈரவலயத் தாழ்நிலத்து ஸாராவும், இலங்கையில் மட்டும்தான். நம் நாட்டில் மட்டும் வாழும் பாம்புக்கு வேறு எந்த நாடு மருந்து செய்து தரப்போகிறது?

கோபப்பட வேண்டிய இடம் இங்கே இருக்கிறது. நெடுங்காலமாக இதைப் பெரிய ஆபத்தில்லாத பாம்பு என்று ஒதுக்கி வைத்தார்கள். பிறகு உலக சுகாதார அமைப்பே இலங்கையின் ஆக முக்கியமான விஷப் பாம்புகளோடு ஹிப்னேலையும் சேர்த்தது. கொஸ்டரிக்கா ஆய்வுகூடம் ஒன்று இலங்கைப் பாம்புகளின் விஷத்தை, ஹிப்னேலையும் சேர்த்து, வைத்துத் தயாரித்த மருந்தின் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளிவந்தன. வார்டுக்கு இன்னும் அது வரவில்லை. கடிபடுகிறவர் பால்வெட்டும் தொழிலாளியும் வளவு கூட்டும் உம்மாவும்தானே, யாருக்கு அவசரம்? தேர்தல் வந்தால் பாலம் கேட்கிறோம், மைதானம் கேட்கிறோம். எந்த வேட்பாளரிடமாவது இதைக் கேட்டோமா?

அந்த இருநூறு பேரும் டொக்டரின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, சுகாதார அமைச்சுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். மாதிரிக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நாம் எழுதித் தருகிறோம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் கம் பூட்ஸ் போடுங்கள், இருட்டினால் டோர்ச் எடுங்கள். கடித்தால் பாம்பைத் துரத்தாமல் தூர நின்று போனில் படம் எடுங்கள். அந்தப் படம்தான் டொக்டருக்கு வேண்டும்.

பதிவைப் போட்ட தம்பிக்கு: நானா நேற்று அஸருக்குப் பிறகு வீடு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இரத்தம் ஒழுங்காக உறைகிறது, சிறுநீரும் சரி. பதிவை நீக்க மனமில்லாவிட்டால் இதையாவது கீழே சேர்த்து விடுங்கள்.