வீடுகள் வரட்டும், வாய்க்கால் முந்தட்டும்



புறநகரில் புதிய மனைப்பிரிவு வந்தால் நம்மில் பலருக்கு மகிழ்ச்சி. நூறு வீடு வந்தால் நூறு மளிகைக் கணக்கு என்று எண்ணுகிறோம். சாக்கடை இல்லை, குடிநீர் இல்லை என்று குடியிருப்போர் மனுக் கொடுத்தால், அது அவர்கள் பாடு என்று இருந்துவிடுகிறோம். இது தப்புக் கணக்கு.

2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. எல்லை விரிந்த வேகத்தில் வடிகால் விரியவில்லை. ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவது நம் முன்னோர் செய்த ஏற்பாடு. அந்த ஓடையை அடைத்து வீடு கட்டினால், தண்ணீர் தெருவழியே கடைக்குள் வரும். 2024 அக்டோபர் 25-ல் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதி பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். அதன் பிறகே செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட அரசு நிதி அறிவித்தது.

பருப்பு மூட்டை நனைந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார் யாருமில்லை. கொள்முதல் செய்த பாக்கியை மட்டும் தவணை தவறாமல் கட்ட வேண்டும்.

ஆகவே, வடிகாலும் குடிநீரும் உறுதியான பிறகே மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டும் என்று, குடியிருப்போருடன் சேர்ந்து நம் சங்கமும் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், கடை வாசல் குப்பையைச் சாக்கடையில் தள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அப்போதுதான் நம் பேச்சு எடுபடும்.