அகலத் திரையும் நீலக்கல்லும்

வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வந்தால், அது யாருக்காக வந்தது என்பது முதல் ஒரு கிழமைக்குத்தான் ஞாபகம் இருக்கும். பிறகு எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். மகனின் கேமுக்காக வாங்கிய அந்த அகலமான மொனிட்டரும் அப்படித்தான். மகன் வகுப்புக்குப் போனதும் மகள் அதில் பாடம் பார்ப்பாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் உம்மா பழைய கல்யாண வீடியோவைப் போடச் சொல்வார். வாப்பா நிவித்திகலயில் கல் வியாபாரம் செய்பவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போனுக்கு வந்த நீலக்கல்லின் படத்தை அந்தப் பெரிய திரையில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் விடுவாரா?

இந்த மாதம் அந்தத் திரையைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன். விளையாடும் பிள்ளைகளுக்கு அதன் குணங்கள் ஓரளவு தெரியும். கூட இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியாது. மற்ற ஊர்களில் அதனால் கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே வயலில் மாணிக்கக்கல் குழி வெட்டும் இரத்தினபுரி மாவட்டத்தில், சல்லிக்கும் சேதம் வரும். வாக்குக்கும் சேதம் வரும்.

முதலில் அகலத்தைப் பார்த்துவிடுவோம். நமது வீட்டுத் தொலைக்காட்சி 16க்கு 9. இந்த மொனிட்டரின் பெட்டியில் 21க்கு 9 என்று போட்டிருக்கும். பரவலாக விற்கும் 34 அங்குலத் திரையில் குறுக்கே 3440 புள்ளிகள், உயரத்தில் 1440. வகுத்துப் பார்த்தால் 2.39க்கு 1 வரும். ஏறக்குறைய சினிமாஸ்கோப் படத்தின் அகலம் அது. 1973இல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதலாவது சினிமாஸ்கோப் படமாக வந்தபோது தியேட்டரில் பார்த்த அகலம், இப்போது மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் நாம் பார்ப்பதெல்லாம் சினிமாஸ்கோப் அல்லவே! அதனால்தான் வீடுகளில் இந்தப் பேச்சு:

“மகன், ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பா ஈக்கிது? ஸ்கிரீன் பழுதா?”

“இல்ல வாப்பா, அந்தப் படத்துட அளவு அவ்வளவுதான்.”

மகன் சொல்வது சரி. 16க்கு 9 படம் போட்டால் இரு பக்கமும் 440 புள்ளிகள் கறுப்பாகக் கிடக்கும். வி.எச்.எஸ். கசெட்டிலிருந்து எடுத்த கல்யாண வீடியோ 4க்கு 3 என்பதால் பக்கத்துக்கு 760 புள்ளிகள் காலி. கறுப்பு பிடிக்கவில்லை என்று மெனுவில் ‘ஃபுல்’ என்பதைத் தெரிவு செய்தால், மணமகளின் முகம் முக்கால் பங்குக்கு மேல் அகன்றுபோகும். முப்பது வருடத்துக்கு முந்திய மணமகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டின் நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை. ‘ஆஸ்பெக்ட்’ அல்லது ‘ஒரிஜினல்’ என்பதில் விட்டுவிடுங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

விளையாடும் பிள்ளைக்கு இரண்டே வார்த்தை. 144 ஹேர்ட்ஸ் என்று சல்லி கொடுத்து வாங்கிய திரை, பழைய எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகியதால் பேசாமல் 60இல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ‘அட்வான்ஸ்ட் டிஸ்பிளே’ என்ற இடத்தில் எத்தனை ஹேர்ட்ஸ் என்று பார்க்கலாம், அங்கேயே மாற்றலாம். அந்த எண் அங்கே இல்லையென்றால் டிஸ்பிளே போர்ட் வயரைப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, இருட்டான காட்சிகளில் திரை மினுக் மினுக்கென்று துடிப்பது. நமது ஊர்களில் உடனே “கரண்ட் கூடிக் குறையுது” என்போம். பல வேளைகளில் கரண்ட்டில் குற்றமே இருக்காது. கேமின் வேகத்துக்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு வசதி இருக்கிறது. வி.ஏ., ஓ.எல்.இ.டி. என்ற வகைத் திரைகளில் அது வேலை செய்யும்போது இந்தத் துடிப்பு வருவதுண்டு. அதை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம்.

இந்த மொனிட்டர்கள் கடையிலிருந்து வரும்போது உண்மையைக் காட்டும் விதமாக அமைக்கப்பட்டு வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் மற்றத் திரையைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும், விளையாடுகிறவனுக்கு எதிரி சீக்கிரம் தெரிய வேண்டும் என்று அமைக்கப்பட்டு வருகின்றன. விளையாட்டுக்கு அது குற்றமில்லை. கல்லின் படத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு பொய்.

எப்படி என்று கேளுங்கள். இருளான இடங்களை மட்டும் தூக்கி வெளிச்சமாக்கும் ஒரு வசதி ஏறக்குறைய எல்லாக் கேமிங் மொனிட்டரிலும் இருக்கிறது. கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறும். மூலையில் பதுங்கியிருக்கும் எதிரியைக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. இப்போது மையைப் போல இருண்டு கிடக்கும் ஒரு நீலக்கல்லின் படத்தை அதில் போடுங்கள். அதே வசதி கல்லின் இருட்டையும் தூக்கிவிடும். நீலக்கல்லில் நிறத்தின் சாயல், ஆழம், செறிவு மூன்றையும் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்? அளவுக்கு மீறி இருண்ட கல்லுக்கு விலை இறங்கும் என்பது இரத்தினபுரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல் திரையில் உயிருள்ள திறந்த நீலமாக நிற்கும்!

அடுத்தது ‘விவிட்’ மோட். இன்றைய கேமிங் திரைகள் பலவற்றால் பழைய திரைகளைவிட ஆழமான நிறங்களைக் காட்ட முடியும். சாதாரணப் படங்களோ எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அளவுக்குள் எழுதப்பட்டவை. எச்.பி.யும் மைக்ரோசொஃப்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமான அளவு அது. அந்தப் படத்தை அகன்ற நிறத் திரையில் அப்படியே போட்டால், ரப்பரை இழுத்த மாதிரி நிறம் நீளும். சிவப்பு அதிகச் சிவப்பாகும், நீலம் அதிக நீலமாகும். போதாக்குறைக்கு வெள்ளை நிறத்தை ‘கூல்’ என்று வைத்திருந்தால் எல்லாவற்றின்மேலும் ஒரு நீலப் பூச்சு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயமானது. கண்ணுக்கு நல்லது என்று நாமே போடுவது: இரவில் நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பு. விண்டோஸில் ‘நைட் லைட்’ என்று பெயர். சூரியன் மறைந்ததும் தானாகவே வேலை செய்யும்படி வைத்துவிடலாம். வைத்தவர் மறந்தும் விடுவார். திரை மஞ்சள் கலந்து இதமாக இருக்கும், படிக்க நல்லதுதான். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கு வெறும் இளஞ்சிவப்பாகத் தெரிந்த கல், ஏழு மணிக்கு அதே திரையில் செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த நிறத்துக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம்? பத்மராகம்! இளஞ்சிவப்புக் கல்லுக்கும் பத்மராகத்துக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்பதை வியாபார வீட்டுப் பெண்களுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பிறகு திரையைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டு, சுபஹுக்குப் பிறகு கல்லைப் பார்த்தவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவருக்கும் கண் பழுதில்லை. இடையில் இருந்து கல்லை மாற்றியது வீட்டுக்குள் இருந்த திரை. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள், தரகருக்கு இரண்டு பக்கத்திலும் ஏச்சு.

விற்பவருக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. தன் திரையில் அழகாக இருக்கிறது என்று அந்தத் திரையையே போனால் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திரையின் புள்ளிகளும் போனின் புள்ளிகளும் மோதிக் கோடு கோடாக வரும், நிறமும் இன்னொரு சுற்று மாறும். கல்லைப் பிடித்த அசல் படத்தையே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காமல் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? மகனோடு சண்டை வேண்டாம். பல மொனிட்டர்களின் மெனுவில் ‘யூசர் 1’, ‘யூசர் 2’ என்று இரண்டு மூன்று அமைப்புகளைச் சேமிக்க இடம் உண்டு. ஒன்று அவனுடையது, அதில் நீங்கள் கைவைக்காதீர்கள். மற்றது வாப்பாவுடையது. அதில் இருளைத் தூக்கும் வசதியைப் பூச்சியத்துக்கு, அல்லது கம்பனி சொல்லும் நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். வெள்ளையை 6500 கெல்வினில் வையுங்கள், காமா 2.2. எஸ்.ஆர்.ஜி.பி. மோட் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் ஒரு குரங்குத்தனம் உண்டு: சில மொனிட்டர்களில் அதைத் தெரிவு செய்தவுடன் வெளிச்சத்தைக் கூட்டும் இடம் பூட்டிக்கொள்ளும். பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அதன் சுபாவமே அதுதான். விண்டோஸில் எச்.டி.ஆர். போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாதாரணப் படங்கள் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரியலாம். இந்த வேலையை மகனிடமே கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். கேட்டால் சந்தோஷப்படுவான் என்றும் நினைக்கிறேன்.

முடித்தபின் ஒரு சோதனை. வீட்டில் இருக்கும் ஒரு கல்லை, காலையில் வெயில் நேரே படாத யன்னலோரம் வெள்ளைக் கடதாசிமேல் வைத்துப் படம் எடுங்கள். படத்தைத் திரையில் போட்டு, அதே யன்னல் வெளிச்சத்தில் கல்லைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் கடதாசியின் வெள்ளை ஒத்துப்போகிறதா, பிறகு கல். ஒத்துப்போகாது, கொஞ்சமாவது விலகும். எந்தப் பக்கம் விலகுகிறது, எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் காரியம். கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று தெரிந்தால் பஸ்ஸைத் தவறவிட மாட்டோமே!

இன்னொன்று, வளைந்த திரையைச் சுற்றி நான்கு பேர் நின்று கல் பார்க்காதீர்கள். 1800ஆர் என்று போட்டிருந்தால் வளைவின் ஆரம் 1800 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நடுவில் உட்காரும் ஒருவருக்காகச் செய்த வளைவு அது. அதிலும் வி.ஏ. திரை என்றால் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் வெளிறும். நானா ஒரு விலை சொல்வார், மச்சான் ஒரு விலை சொல்வார். நின்ற இடம்தான் வேறு. கதிரையைப் போட்டு ஒவ்வொருவராக உட்காருங்கள், படத்தையும் ஓரத்தில் விடாமல் நடுவே வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் திரை காட்டாத விடயங்கள் உண்டு. இலங்கைக் கற்களில் பகல் வெளிச்சத்தில் நீலமாகவும், மஞ்சள் பல்பின் கீழ் ஊதாவாகவும் மாறும் வகை இருக்கிறது. ஒரு படத்தில் ஒரு நிறம்தான் இருக்கும். சூடு காட்டிய கல்லா, காட்டாததா என்பதை எந்த மொனிட்டராலும் சொல்ல முடியாது, அது ஆய்வுகூடத்தின் வேலை. தெமுவாவத்தையில் வியாபாரிகள் காலை வெளிச்சத்தில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களே, அந்த ஒரு புரட்டலில் தெரிவது 3440 புள்ளிகளில் வராது. எந்தக் கல்லைப் போய்ப் பார்க்கலாம் என்று தெரிவு செய்யத் திரை உதவும். விலை பேசுவது கல் கையில் வந்த பிறகு என்று இரண்டு பக்கமும் முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நமது மலைநாட்டு மழை. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி எப்படி என்று சபரகமுவக்காரருக்குத் தெரியும். இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஓ.எல்.இ.டி. திரை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் அந்தத் திரையில் தழும்பு விழும். அதைத் தடுக்க, நாம் அணைத்த பிறகு அது தனக்குத்தானே கொஞ்ச நேரம் சுத்தம் செய்துகொள்ளும்; அதற்குக் கரண்ட் வேண்டும். தினமும் இரவில் சுவரிலேயே அணைப்பவர்கள் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் பிளக்கை விட்டுவையுங்கள். வானம் இருண்டால் மட்டும் யோசிக்காமல் கழற்றுங்கள், சுத்தம் நாளைக்குச் செய்துகொள்ளும்.