சிரிக்க வைத்த பட்டுக் கவுன்கள்

ஸ்டுடியோவில் எல்லாம் தயார். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரண்மனைச் சீமாட்டியாகக் கதாநாயகி வந்து அமர்கிறார். இடுப்பின் இரு பக்கமும் கூடையைக் கவிழ்த்ததுபோல் விரிந்து நிற்கும் பாவாடை. தலையில் பவுடர் பூசிய பெரிய விக். பார்த்தால் கும்பிடத் தோன்றும். வாயைத் திறந்தால்... கீச்சுக்குரல்!

பேசும்படம் வந்த புதிது. மைக்கை எங்கே வைப்பது? செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அம்மணி தலையைத் திருப்பினால் பாதி வசனம் காணாமல் போகிறது. சரி என்று உடைக்குள் நெஞ்சருகே வைக்கிறார்கள். வசனத்தைவிட இதயத் துடிப்புதான் பலமாகக் கேட்கிறது. தோள்பக்கம் மாற்றுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் உள்ளே வருகிறார். தரையில் ஒயர் கிடப்பதைப் பார்த்து, இது என்ன என்று பிடித்து இழுக்கிறார். ஒயரின் மறுமுனை சீமாட்டியின் கவுனுக்குள். அவ்வளவுதான், கவுனும் காலும் அந்தரத்தில்!

1952-ல் வெளியான 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில் வரும் காட்சி இது. கதை நடப்பது 1927-ல். கீச்சுக்குரல் நாயகியாக ஜீன் ஹேகன் வெளுத்து வாங்கியிருப்பார்.

அந்தக் கவுன் சாதாரணமாக இருந்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. தெருவில் நடப்பவர் வழுக்கி விழுந்தால் பாவம் என்போம். ராணி மாதிரி உட்கார்ந்திருப்பவர் விழுந்தால்தான் அரங்கம் அதிரும். உடையை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறார்களோ, அவ்வளவுக்குச் சிரிப்பு.

இதை நன்றாகத் தெரிந்தவர் படத்தின் உடை வடிவமைப்பாளர் வால்டர் பிளங்கெட். 1939-ன் 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு உடை அமைத்தவரும் இவரே. 1920-களின் கடைசியிலேயே ஹாலிவுட்டில் உடை தைக்க வந்துவிட்டவர். அதனால் 1927-ன் நாகரிகத்தை அவர் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. தன் இளமைக்கால வேலையையே கொஞ்சம் மிகைப்படுத்தினால் போதும், கேலி தானாக வந்துவிடும்.

'மை ஃபேர் லேடி' (1964) படத்திலும் இதே சூத்திரம்தான். 1910 மே மாதம் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் இறந்தார். அடுத்த மாதம் நடந்த ஆஸ்கட் குதிரைப் பந்தயத்துக்குச் சீமான்களும் சீமாட்டிகளும் கறுப்பு உடையில் வந்தார்கள். அந்தக் காலத்தை நினைவில் வைத்து, பந்தயக் காட்சி முழுவதையும் கறுப்பு வெள்ளையில் அமைத்தார் சிசில் பீட்டன். ஆஸ்கர் விருதும் வாங்கினார். நடுவே ஆட்ரி ஹெப்பர்ன், உடலோடு ஒட்டிய வெள்ளை கவுனில், ரிப்பனும் இறகும் வைத்த அகலத் தொப்பியோடு தேவதையாக நிற்கிறார். குதிரை ஓடத் தொடங்கியதும் பூக்காரப் பெண்ணின் பழைய பேச்சு வாயிலிருந்து வெடிக்கிறது. சீமாட்டிகளுக்கு மயக்கமே வந்துவிடுகிறது!

திரையில் ராஜ மரியாதை பெற்ற இந்த உடைகளுக்குத் திரைக்கு வெளியே என்ன ஆனது? படம் முடிந்ததும் கிடங்குக்குப் போகும். வேறு படத்துக்குத் தேவைப்பட்டால் பிரித்து, சுருக்கி, மாற்றித் தைப்பார்கள். 1970-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் புதிய நிர்வாகம், கிடங்கில் இருந்ததை எல்லாம் ஏலத்துக்கு விட்டது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட தையல் உழைப்பு அது.

அந்த ஏலக் கூட்டத்தில் ஒரு நடிகையும் இருந்தார். டெபி ரெனால்ட்ஸ். 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 19. அந்த உடைகளைப் போட்டு ஆடியவர் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை விரல்கள் ஊசி பிடித்தன என்பது அவருக்குத் தெரியும். கையில் இருந்த பணத்தைப் போட்டு வாங்கிக் குவித்தார். இவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்பது அவர் ஆசை.

லாஸ் வேகாஸில் அவர் நடத்திய ஹோட்டலோடு ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். 1997-ல் ஹோட்டல் திவாலானது. வேறு இடங்களில் முயன்றார், கைகூடவில்லை. ஆஸ்கர் வழங்கும் அகாடமியிடமும் கேட்டார், அங்கும் நடக்கவில்லை. கடனும் பராமரிப்புச் செலவும் கழுத்தை நெரிக்க, 2011-ல் தன் பொக்கிஷத்தைத் தானே ஏலம் விட்டார். ஆஸ்கட் காட்சியின் அந்த வெள்ளை கவுன் மட்டும் 37 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி. நாற்பது ஆண்டுகள் யாரும் சீந்தாத துணிக்கு அன்றைக்குத்தான் விலை தெரிந்தது. ஆனால் ஒன்றாக இருந்த தொகுப்பு பல கைகளுக்குச் சிதறிவிட்டது.

2016 டிசம்பரில், மகள் கேரி ஃபிஷர் இறந்த மறுநாளே டெபியும் கண்ணை மூடினார். அவர் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தை லாஸ் ஏஞ்சலிஸில் அகாடமி திறந்தபோது ஆண்டு 2021.

அங்கே பழைய பொருட்களைச் சீர்செய்து பாதுகாக்கும் கூடத்துக்கு டெபி ரெனால்ட்ஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் இருக்கும்போதே அந்தக் கதவு திறந்திருந்தால், உள்ளே வைக்க அவரிடம் ஒரு கிடங்கு நிறைய உடைகள் இருந்தன.