“சமாதானமாகப் போங்கள்” - யாருடைய நன்மைக்கு?

“நாஞ்சில் நாட்டில் தீண்டாமையா? அதெல்லாம் பழங்கதை ஐயா!” என்று சில பெரிய மனிதர்கள் பேசித் திரிகிறார்கள். குமரி ஜில்லா படிப்பில் முன்னணியில் நிற்கிறதாம். இங்கே சாதிக் கொடுமைக்கு இடமே இல்லையாம்.

நல்லது. நாம் ஒன்று கேட்கிறோம். சாதிப் பெயரைச் சொல்லி ஏசப்பட்ட ஓர் உழைப்பாளி புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினால், “ஊருக்குள் பகை எதற்கு? சமாதானமாகப் போங்கள்” என்று வழிமறிக்க இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள்? இல்லாத நோய்க்கு இத்தனை வைத்தியர்களா?

அடித்தவனிடம் “இனி அடிக்காதே” என்று சொல்ல இவர்களுக்கு நா எழுவதில்லை. அடிபட்டவனிடம் “பொறுத்துப் போ” என்று சொல்ல மட்டும் ஓடோடி வருகிறார்கள். இதன் பெயர் சமாதானம் அல்ல, சரணாகதி!

இந்த மண்ணின் சரித்திரம் என்ன சொல்கிறது? தோளில் சீலை போட்டதற்காகப் பெண்கள் தெருவில் அவமானப்படுத்தப்பட்டார்கள். பல்லாண்டுகள் போராடிய பிறகே, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உத்தரவு வந்தது! சாமித்தோப்பில் எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று வழிகாட்டிய வைகுண்டரும் சிறைக் கொட்டடியைப் பார்த்தவர்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு 1926-ல் சத்தியாக்கிரகம் தேவைப்பட்டது. பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ஜீவா இளமையில் குதித்த களம் அது. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இவற்றில் எதுவும் கருணையால் வந்ததல்ல. “பொறுத்துப் போ” என்ற உபதேசத்தை மக்கள் காதில் போட்டுக்கொள்ளாததால் வந்தது.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுவோம். அன்று தெருவில் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறொருவரைத் தெருவில் தடுப்பார்களானால், அவர்கள் தம் பாட்டிமார் பட்ட அடியை மறந்தவர்கள். எந்தச் சாதியில் பிறந்தவர் செய்தாலும் குற்றம் குற்றமே.

இன்று நம் கையில் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிப் பலப்பட்டது. கடை, ஓட்டல், குடிநீர், பாதை, சுடுகாடு, கோயில், ஆஸ்பத்திரி - எதிலும் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டவரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி ஏசினாலே, ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை.

சட்டம் புத்தகத்தில் தூங்கினால் யாருக்கு லாபம்? அதை எழுப்புவது புகார்தான். புகாரை எப்படிக் கொடுப்பது?

சம்பவம் நடந்த நாள், நேரம், இடம், செய்தவர் யார், சொன்ன சொல் எது, பார்த்தவர்கள் யார் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். வீட்டுக்குள் தனியே நடந்ததா, பலர் பார்க்க நடந்ததா என்பதை வைத்தே ஏச்சு வழக்கு நிற்கும் அல்லது விழும். ஆகவே சாட்சிகளின் பெயர் முக்கியம். சாதிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அடிபட்டிருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டி, காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும். நிலைய அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். “எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது; 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதைச் சொல்கிறது. வாங்க மறுத்தால், அதே புகாரைப் பதிவுத் தபாலில் நாகர்கோவிலில் உள்ள ஜில்லா போலீஸ் சூப்பிரண்டெண்டுக்கு அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போகலாம். தேசிய உதவி எண் 14566.

வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கலெக்டர் ஏழு நாளில் நிவாரணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை உண்டு என்கிறது நான்காவது பிரிவு.

கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வாழும் ஜில்லா இது. 1950-ம் ஆண்டு உத்தரவின்படி மதம் மாறிய தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். வன்கொடுமைச் சட்டம் அவருக்குக் கை கொடுப்பதில்லை. சாமி மாறியும் சாதி விடவில்லை, சட்டம் மட்டும் விட்டுவிட்டது! இந்த அநீதி ஒழிய வேண்டும். ஆனால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் “எந்த நபரை” தடுத்தாலும் குற்றம் என்றே சொல்கிறது. அந்தக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.

“பொய்ப் புகார் பெருகிவிட்டது” என்பது அடுத்த கூச்சல். இந்த வாதத்தை ஏற்று 2018 மார்ச் 20-ல் சுப்ரீம் கோர்ட் கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் முட்டுக்கட்டை போட்டது. ஏப்ரல் 2-ல் நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள்; பல உயிர்கள் பலியாயின. அந்த ஆண்டே பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது: வழக்குப் பதிய முன்விசாரணை வேண்டாம், கைதுக்கு முன்னனுமதி வேண்டாம். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. பொய் எது, மெய் எது என்று தீர்ப்பளிப்பது கோர்ட்டின் வேலை. நிலைய வாசலில் நிற்கும் தரகரின் வேலை அல்ல.

புகார் கொடுத்த மறுநாளே வேலை போகும், கடன் கேட்டு ஆள் வரும், எதிர்ப் புகார் முளைக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதனால்தான் சொல்கிறோம்: தனியாகப் போகாதீர்கள். சங்கத்தோடு போங்கள். சாட்சி சொல்பவரை ஊர் கைவிடாதபடி பக்கத்தில் நில்லுங்கள். தோட்டத் தொழிலாளி, மீனவர், விவசாயத் தொழிலாளி - யாருடைய சாதி என்று பாராமல் கூடி நிற்கும்போது தரகரின் குரல் அடங்கும்.

சமாதானம் நமக்கும் வேண்டும். அது சமமானவர்களுக்கிடையே ஏற்படுவது. முதலில் வழக்குப் பதியட்டும், சமத்துவம் வரட்டும், சமாதானம் தானாக வரும்!