மேஜைக்கடியில் இருக்கும் ஏடு

திருச்சி பாலக்கரையில் சகாயமாதா கோயிலுக்கு அணித்தான தெரு ஒன்றில், விண்ணப்பம் அனுப்பவும் தேர்வு முடிவு பார்க்கவும் ஜனங்கள் வந்துபோகும் சிறியதொரு பிரவுசிங் சென்டரில், சில வருஷங்களுக்கு முன் நான் என் முறைக்காகக் காத்திருந்தபோது, கல்லாவிலிருந்த பையன் தன் சிநேகிதனுக்குத் திரையைத் திருப்பிக் காட்டி, "மூணாம் நம்பர் சீட்டுல அக்கா என்ன பாக்குறாங்கன்னு பாருடா" என்றான். திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிய தளங்களை மாறி மாறிப் பார்க்கிறார் என்பது, அவருடைய முகத்தைக்கூடப் பார்த்திராத எனக்கும் அக்கணமே தெரிந்துவிட்டது. அன்று எனக்கு உண்டான கூச்சமே இதை எழுதத் தூண்டியது.

அந்த வரிகளை எழுதிக்கொண்டிருந்தது மேஜைக்கடியில் தூசு படிந்து கிடந்த பழைய கணினி. அதில் லினக்ஸும், ஸ்க்விட் என்ற பிராக்ஸி சர்வரும் ஓடிக்கொண்டிருந்தன. எட்டு இருக்கைகளிலிருந்தும் புறப்படும் கோரிக்கைகள் யாவும் முதலில் அதனிடம் வந்து, அதன் பெயரிலேயே வெளியுலகுக்குச் சென்று, விடையோடு திரும்பி வரும். டுவேன் வெசல்ஸ் என்பவர் 1996-இல் வெளியிட்ட இந்த ஸ்க்விட், யாரும் காசின்றி எடுத்தாளத்தக்க சுதந்திர மென்பொருள். இணைப்பு மந்தமாகவும் விலை அதிகமாகவும் இருந்த நாட்களில், ஒருவர் கேட்ட பக்கத்தைத் தன் வட்டில் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுத்த அதன் உபகாரம் சாமானியமானதன்று. ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டிய உறையிலேயே செய்தியை அனுப்புவதால், சேமித்துக் கொடுக்கும் அந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. சிக்கனத்துக்காக வைத்த பெட்டியிடம் இன்று எஞ்சி நிற்பவை, தடுப்பதும் குறித்துக்கொள்வதுமே.

குறிப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். வரியின் தொடக்கத்தில் ஒரு நீண்ட எண். அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவந்த விநாடிகளின் தொகை. அடுத்து, விடை வர ஆன நேரம். அதற்கடுத்து, கேட்ட கணினியின் முகவரி. பிறகு பைட்டுகளின் அளவு. அதற்குப் பின்னால், போன தளத்தின் பெயர். உறை பூட்டியிருப்பதால் உள்ளே என்ன படித்தார் என்பது வராது. தளத்தின் பெயர் மட்டுமே வரும். வியாதி, கடன், வேலை தேடல், மணமுறிவு ஆகியவற்றில் எதைப் பற்றி ஒருவர் கவலைப்படுகிறார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெயர் போதாதா?

இதை ஸ்க்விட்டை ஆக்கியவர்கள் யோசிக்காமல் விடவில்லை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் தேடற்சொற்களை, நாம் ஒன்றும் சொல்லாமலே, குறிப்பேட்டில் ஏறாமல் அது வெட்டிவிடுகிறது. 'கிளையண்ட் நெட்மாஸ்க்' என்ற ஒரே வரியை எழுதிவிட்டால், எந்த இருக்கை என்று காட்டும் கடைசி எண்ணை அழித்துப் பூஜ்யமாகவே பதியும். அதை எழுத அரை நிமிஷமும் ஆகாது. ஆனால் நம் கணினி வகுப்புகளில், எந்தத் தளத்தை எப்படித் தடுப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிரவுசிங் சென்டர்களைப் பொறுத்தவரை 2011-ஆம் வருஷத்து மத்திய அரசின் விதிகள், பிராக்ஸி சர்வரின் குறிப்புகளைக் குறைந்தது ஓராண்டு காப்பாற்றி வைக்க வேண்டும் என்கின்றன. குற்றம் நடந்தால் துப்புத் துலக்க அது தேவைதான். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் காப்பாற்றி வை என்று சொன்ன விதி, கல்லாவில் இருப்பவன் பொழுதுபோக்காகப் படித்துக்கொள் என்று சொல்லவில்லை. குறிப்பேட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்து உரிமையாளர் ஒருவரே திறப்பதும், ஓராண்டு கழிந்ததை மாதந்தோறும் அழிப்பதும் லினக்ஸில் எளிதில் செய்யக்கூடிய காரியங்கள். வியாபாரமாக நடத்தாத கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் அந்த விதியின் நிர்ப்பந்தம் இல்லாததால், இருக்கை எண்ணை மறைத்தே பதிவதற்கு அவர்களுக்குத் தடையேதும் இருப்பதாக நான் கருதவில்லை. பூட்டிய உறையையே பிரித்துப் பார்க்கும் வசதியும் ஸ்க்விட்டில் உண்டு. மாணவருக்குத் தெரிவிக்காமல் அதை ஒரு ஸ்தாபனம் பிரயோகிக்குமானால், அது பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமானம் என்றே சொல்வேன்.

ஆபாசத் தளங்களைப் பார்க்கலாகாது என்ற பலகையைச் சுவரில் மாட்ட வேண்டுமென்று அதே விதிகள் கேட்கின்றன. அதன் கீழே, "நீங்கள் செல்லும் தளங்களின் பெயர் இங்கே பதிவாகிறது, அதை இன்னார் மட்டுமே பார்க்கலாம், இத்தனை நாளில் அழிக்கப்படும்" என்று இரண்டு வரி தமிழில் சேர்க்கட்டும். அன்று அப்படியொரு பலகை இருந்திருந்தால், அந்தப் பெண்மணி தம் தேடலை வேறோர் இடத்துக்கு ஒத்திவைத்திருக்கக்கூடும். ஒன்றும் அறியாதவராய் அவர் எழுந்து வந்து, சில்லறையை எண்ணி வைத்து, "வர்றேன் தம்பி" என்று அந்தப் பையனிடமே சொல்லிவிட்டுப் போனார்.