வண்டிப் பேச்சு: ‘டியூஸ்’, ‘ரேக்’, ‘டப்ஸ்’... சக்கரத்துக்கு ஒரு தனி பாஷை!

கலிஃபோர்னியாவில் பழைய கார் பிரியர்கள் இருவர் சந்தித்தால், “அந்த டியூஸுக்கு பிக்ஸ் அண்ட் லிட்டில்ஸ் போட்டு, செம ரேக் கொடுத்திருக்கான்பா” என்கிற ரீதியில்தான் பேச்சு ஓடும். கேட்பவருக்குத் தலை சுற்றும். விஷயம் சிம்பிள்தான். 1932-ம் வருட ஃபோர்டு காருக்கு, பின்னால் பெரிய சக்கரமும் முன்னால் சின்னச் சக்கரமும் மாட்டி, மூக்கைக் கீழே குனிய வைத்திருக்கிறார். அவ்வளவே!

பழைய காரை வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றிப் போட்டு, இன்ஜினை முறுக்கேற்றி, வேகத்துக்காக மாற்றியமைத்தால் அதுதான் ‘ஹாட் ராட்’. தெற்கு கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் இப்படிப்பட்ட வண்டிகளை விரட்டிப் பார்த்தார்கள். அங்கே நேரத்தை முறையாக அளந்து பதிவு செய்ய, 1937-ல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

ஏன் ‘டியூஸ்’?

சீட்டுக்கட்டில் 2-ம் நம்பர் சீட்டுக்கு ‘டியூஸ்’ என்று பெயர். 1932-ன் கடைசி எண் 2. அதனால் அந்த ஃபோர்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சாமானியர் வாங்கும் விலையில் வி-8 இன்ஜினை ஃபோர்டு கொடுத்தது அந்த வருடம்தான். வேகப்பிரியர்கள் விடுவார்களா?

அந்தக் கார் 18 அங்குலச் சக்கரத்தோடு வந்தது. 1935-ல் ஃபோர்டு 16 அங்குலத்துக்கு மாறியதும், பழைய கார்களுக்கும் அந்தச் சக்கரத்தை மாட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் உயரமான டயர், முன்னால் ஒல்லியான டயர். காரணம், அழகு மட்டுமல்ல. பின் டயர் பெரிதாக இருந்தால், ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரம் அதிகம். இன்ஜின் அதே அளவு சுழன்றாலும் வண்டி கூடுதல் வேகம் தொடும். இப்படி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கும் சரிவுக்குப் பெயர்தான் ‘ரேக்’.

அகராதியில் இன்னும் கொஞ்சம்...

* மீட்ஸ்: பின்பக்கம் மாட்டும் அகலமான, கொழுத்த டயர்கள்.
* பீட்சா கட்டர்: உயரமாக, ஆனால் மெலிசாக இருக்கும் சக்கரம்.
* டப்ஸ்: 20 அங்குலச் சக்கரங்கள். 22 அங்குலம் என்றால் ‘டபுள் டியூஸ்’.
* ஸ்லாம்டு: தரையோடு தரையாக இறக்கப்பட்ட வண்டி.
* கேஸர்: 1950, 60-களில் டிராக் ரேஸில் ஓடிய, மூக்கைத் தூக்கி நிற்கும் கார். கிளம்பும்போது எடை பின் சக்கரத்துக்குப் போய், டயர் தரையை நன்றாகப் பிடிக்கட்டும் என்பது கணக்கு.

உயரத்தை அளந்த சட்டம்

வண்டி நிற்கும் விதத்தை ‘ஸ்டான்ஸ்’ என்கிறார்கள். அது சட்டத்தோடும் மோதியிருக்கிறது. மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் காரைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டிப் போவதைப் பெருமையாகக் கருதினார்கள். அவைதான் ‘லோரைடர்’ கார்கள். சக்கரத்தின் ரிம்மைவிடக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என 1958-ல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. அடுத்த வருடமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் கருவிகளைப் பொருத்தினார். ஸ்விட்சைத் தட்டினால் கார் உயரும். மறுபடி தட்டினால் இறங்கும். போலீஸ் வந்தால் உயரம், போனால் தாழ்வு!

அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டது 2023 அக்டோபரில். 2024 ஜனவரி 1 முதல் லோரைடர்கள் அங்கே நிம்மதியாக உலா வரலாம்.

அதே காலகட்டத்தில் நாட்டின் மறுகோடியில் நடந்ததோ நேர் எதிர். முன்பக்கத்தை எக்கச்சக்கமாகத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தும் ‘கரோலினா ஸ்குவாட்’ டிரக்குகள் அங்கே பிரபலம். முன் ஃபெண்டர், பின் ஃபெண்டரைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரக் கூடாது என்று 2021 டிசம்பரில் வடக்கு கரோலினா தடை போட்டது. வர்ஜீனியாவும் தெற்கு கரோலினாவும் அடுத்தடுத்து தடை விதித்தன.

காரணம் தெளிவு. மூக்கு தூக்கிய டிரக்கில் ஓட்டுநருக்கு வானம் தெரியும். பானெட்டுக்கு முன்னால் நடந்து போகும் குழந்தை தெரியாது. ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

முன்பக்கம் குனிந்த டியூஸில் ஓட்டுநரின் பார்வை சாலையில்தான் இருக்கும். ஸ்குவாட்டில் அது நடக்காது. வண்டியின் உயரத்தில் கை வைக்க ஆசைப்படுகிறவர்கள், வெளியே நின்று அழகு பார்ப்பதற்கு முன் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பானெட்டுக்கு அப்பால் சாலை எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்பதுதான் அங்கே முதல் கணக்கு.