சூடு உடம்பில் இல்லை

மலேசியத் தமிழ் எழுத்தில் வியர்வைக்குப் பஞ்சமே இல்லை. 1896-இல் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அப்போதிருந்து இன்றைய செம்பனைக் காடுவரை நாம் சிந்திய வியர்வையைப் பாடிக்கொண்டே இருக்கிறோம். அன்னையர் தினம் வந்தால் அம்மாவின் வியர்வை. தேர்தல் வந்தால் பாட்டனின் வியர்வை.

ஆனால் ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு, காற்றாடி முழு வேகத்தில் சுற்றும்போதே தலையணை நனைந்து எழுந்து உட்காருகிறாளே, அந்த வியர்வை எந்தக் கதையில் வந்திருக்கிறது? நான் படித்தவற்றில் இல்லை. அது உழைப்பின் வியர்வை இல்லை என்பதால் நமக்குப் பாடத் தெரியவில்லை போலும்.

இதற்கு மருத்துவத்தில் ஹாட் ஃபிளாஷ் என்று பெயர். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி வருவது. மஸ்ஜித் தானாவில் கேட்டாலும் ஜாசினில் கேட்டாலும் நம் பெண்கள் சொல்வது ஒரே சொல்தான்: "உடம்பு சூடுமா." இந்தச் சொல்லோடுதான் என் சண்டை.

ஏனென்றால் சூடு என்று சொன்ன மறுநிமிடம் விஷயம் அடுப்படிக்குப் போய்விடுகிறது. வெந்தயம் ஊறப்போடு, இளநீர் குடி, பார்லி காய்ச்சு, எண்ணெய் தேய்த்து முழுகு, கோழியைக் குறை, டுரியானைத் தொடாதே. கூடவே ஒரு கேள்வி: "என்ன சாப்பிட்ட?" அதாவது, வந்தது அவளுடைய தப்பு. தீர்க்க வேண்டியதும் அவளுடைய பாடு. புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை முடிந்தது.

நான் மருத்துவர் இல்லை. டுரியான் துங்கால் யூடெமில் இயந்திரப் பொறியியல் படித்த ஆள். ஆகவே எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஏர்கோனை 24 டிகிரியில் வைத்தால், வெப்பம் 24-ஐத் தொட்டுத் தாண்டியதும் கம்ப்ரஸர் ஓடாது. கொஞ்சம் ஏற விட்டு ஓடும், கொஞ்சம் இறங்கியதும் நிற்கும். வேண்டுமென்றே வைக்கும் இடைவெளி அது. அந்த இடைவெளி போய்விட்டால் யாராவது கதவைத் திறந்தாலே கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

நம் மூளையில் ஹைபோதலாமஸ் செய்வதும் இந்த வேலைதான். உடலின் உள்வெப்பம் லேசாக ஏறி இறங்குவதை அது கண்டுகொள்ளாது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மன் இந்த இடைவெளியை அளந்தார். மாதவிடாய் நின்றும் ஹாட் ஃபிளாஷ் வராத பெண்களுக்கு அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். வருகிற பெண்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை அது அடக்கி வைத்திருந்த சில நரம்பணுக்கள் நியூரோகினின் பி என்ற வேதிப்பொருள் வழியாக அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. பிறகு ஒரு கப் சுடு தேநீர் போதும், ஒரு மாடிப்படி போதும். தீப்பிடித்த மாதிரி மூளை ஆணையிடுகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் கொதிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. சில நிமிடத்தில் அடங்கும். உடல் தேவையில்லாமல் வெப்பத்தை வெளியேற்றிவிட்டதால் பின்னாலேயே குளிரும்.

இந்தப் பெண்ணுக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் காட்டாது. பழுது சென்சரில் இருக்கிறது. அதற்கு இளநீர் கொடுப்பது, தெர்மோஸ்டாட் கெட்ட அறையில் ஐஸ் வாளி வைக்கிற மாதிரி. குடிப்பதில் தப்பில்லை, தாகம் தீரும். அவ்வளவுதான்.

ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். தூசு புகாத உற்பத்திக் கூடம். அறை வெப்பம் எல்லையைத் தாண்டினால் அலாரம் அடிக்கும், நாங்கள் ஓடுவோம், அறிக்கை எழுதுவோம். அதே அறையில் தலை முதல் கால்வரை மூடிய உடுப்போடு நிற்கும் அக்காமார்களில் பலர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள், நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள். "ஏன்க்கா இப்படி வேர்க்குது?" என்று ஒருவரிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லமா, சூடு. பிரேக் வரைக்கும் தாங்கிக்குவேன்" என்றார். உடுப்பைக் கழற்றி முகம் கழுவி மறுபடி மாட்டவே பிரேக் முடிந்துவிடும். சிலிக்கானுக்கு ஒரு டிகிரி ஏறினால் அறிக்கை. அவருக்கு ஏறினால் பொறுமை.

சரி, கிளினிக் போகலாமே என்பீர்கள். ஜாசின் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா போனார். டாக்டரிடம் அவருக்குச் சொல்லத் தெரிந்த மலாய் "பாடான் பானாஸ்." டாக்டர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. பனடோல் கொடுத்தார். டாக்டரைத் திட்டி என்ன செய்வது? வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். பெரியம்மாவிடம் "புத்துஸ் ஹைட்" என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். மாதவிடாய் நின்றதைச் சொல்லும் அந்தச் சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தமிழிலேயே அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மருந்து இருக்கிறது. முதலாவது ஹார்மோன் சிகிச்சை. மாத்திரையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறது. கருப்பை இருப்பவர்களுக்கு அதோடு புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே தர வேண்டும். ஹாட் ஃபிளாஷுக்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இல்லை. "ஐயோ, அது கேன்சர் கொண்டு வரும்" என்ற பயம் 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டபோது உலகம் முழுக்கப் பரவியது. அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள், சராசரி வயது 63. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அந்த எட்டுப் பேரை மறைக்கக் கூடாது. ஆனால் 63 வயதின் கணக்கை 50 வயதுக்காரி தலையில் கட்டவும் கூடாது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கும் பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு ஆபத்தைவிடப் பலன் அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கல்லீரல் நோய் இருந்தால் இது வேண்டாம். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. நியூரோகினின் பி வேலை செய்யும் இடத்தையே அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கும் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். தைராய்டும் காசநோயும்கூட வியர்க்க வைக்கும். அதனால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும் என்கிறேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி அல்ல.

அந்த ஆன்ட்டி பெரும்பாலும் ஏதோ ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் ஏஜெண்டாகவும் இருப்பார். "பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது, இயற்கை" என்று ஒரு டப்பா, நூறு ரிங்கிட்டுக்கு மேல். 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளைச் சலித்துப் பார்த்தது. சோயா முதலான துணை உணவுப் பொருள்களை ஹாட் ஃபிளாஷுக்கு அது பரிந்துரைக்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மெனோபாஸ் சிகிச்சைக்கென நம் சுகாதார அமைச்சே 2022-இல் வழிகாட்டி போட்டிருக்கிறது. 1 ரிங்கிட் கதவைத் தட்டக் கூச்சம், நூறு ரிங்கிட் டப்பா வாங்கக் கூச்சமில்லை.

"இயற்கைதானே, எங்க பாட்டியெல்லாம் தாங்கலையா?" தாங்கினார்கள். பிரசவத்தில் செத்தும் போனார்கள், அதையும் இயற்கை என்றுதான் சொன்னோம். அமெரிக்காவில் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வு, அடிக்கடி வரும் ஹாட் ஃபிளாஷ் சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் நீடிப்பதாக 2015-இல் சொன்னது. ஏழு வருஷம் உடைந்த தூக்கத்தோடு காலை நாலரைக்கு எழுந்து சமைத்து பஸ் பிடிக்கும் பெண்ணிடம் போய் இயற்கை என்று சொல்லிப் பாருங்கள். "ஆசியப் பெண்களுக்கு இது குறைவு" என்றும் ஒரு பேச்சு. அந்த ஆய்வில் இருந்த ஆசியர்கள் சீன, ஜப்பானிய வம்சாவளியினர். நம் ஆட்கள் தனிக் குழுவாக அதில் இல்லவே இல்லை.

பெண் வயசுக்கு வந்தால் மண்டபம் எடுத்து, பேனர் அடித்து, ஊரையே கூப்பிடுகிறோம். அதே உடம்பு நாற்பது வருஷம் கழித்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது வீட்டுக்குள்கூடப் பேச்சு இல்லை. சட்டமும் நம்மைப் போலத்தான். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரியிலிருந்து 60 நாளில் இருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்லது. மாதவிடாய் நின்றவளைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பிள்ளை பெறும்வரைதான் அவள் உடம்பு சட்டத்துக்கும் தெரிகிறது, சமூகத்துக்கும் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தொழிற்சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில், கேட்டவுடன் ஐந்து நிமிடம் வெளியே போய்வரும் உரிமையை எழுதட்டும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவருக்கும் அது வேண்டும், லைனில் நிற்பவருக்கும் வேண்டும். கோயில் மகளிர் பிரிவுகள் திருவிளக்குப் பூஜை முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு தாதியைக் கூப்பிட்டுப் பேச வைக்கட்டும். எழுத்தாளர்களே, தாயின் பொறுமையைப் பாடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் வாயைத் திறப்பதில்லை.

மகன்களே, மகள்களே, அம்மா சூடு என்றால் வெந்தயத்தைத் தேடாதீர்கள். கார் சாவியை எடுங்கள். கிளினிக்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "புத்துஸ் ஹைட்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.